தண்ணீரில் இறங்குபவரிடமே சாவி இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜூன் 14 நள்ளிரவோடு கிழக்குக் கடற்கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. விசைப்படகு எஞ்சின்களுக்கு வேலை பார்க்கும் எனக்கு வருடத்தில் இந்த ஒரு வாரம்தான் வயிற்றைக் கலக்கும். இரண்டு மாதம் சும்மா கிடந்த பேட்டரிகளை எல்லோரும் ஒரே நேரத்தில் சார்ஜில் போடுவார்கள். அதுவும் மூடிக்கிடக்கும் எஞ்சின் ரூமுக்குள்ளேயே.

சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்துவிட்டால் ஒரு பொறி போதும், பேட்டரியே வெடித்து ஆசிட் முகத்தில் அடிக்கும். என் பெட்டியில் ஒரு பழைய ஸ்பேனர் இருக்கிறது. பாசிட்டிவ் டெர்மினலை முடுக்கும்போது அதன் மறுமுனை எஞ்சினில் பட்டுவிட்டது. பட்ட இடம் எலி கடித்தது போல உருகிப் போயிருக்கிறது. அன்று மேல்மூடி திறந்து நல்ல காற்று வந்துகொண்டிருந்தது, பிழைத்தேன். வேலைக்குச் சேரும் பையன்கள் கையில் முதலில் அதைத்தான் கொடுக்கிறேன். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில் என்பதை அதன்பிறகு யாரும் மறந்ததில்லை. கண்ணில் ஆசிட் பட்டால் கசக்கக் கூடாது. குடிக்க வைத்திருக்கும் தண்ணீரை எடுத்துக் கால் மணி நேரமாவது கண்ணைக் கழுவிவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இதைவிட என்னைத் தூங்கவிடாதது, தண்ணீருக்கடியில் சுற்றிப் படகைத் தள்ளும் புரொப்பல்லர். வலையோ கயிறோ சுற்றிக்கொண்டால் கத்தியோடு ஒருவர் குதிக்கிறார். மேலே இருப்பவர், "நியூட்ரல்லதான் இருக்கு, இறங்குடா" என்கிறார். நியூட்ரலில் போட்டாலும் சில கியர்களில் புரொப்பல்லர் மெல்லச் சுற்றிக்கொண்டே இருக்கும். அலையில் படகு ஆடி யாராவது லிவரைப் பிடித்துவிட்டால் கியர் விழுந்துவிடும். நிமிடத்துக்கு 600 சுற்று என்பது ஒன்றும் பெரிய வேகமில்லை. ஆனால் மூன்று இலை இருந்தால் நொடிக்கு 30 வெட்டு. தப்பிக்க அங்கே நேரமே கிடையாது.

எஞ்சினை முழுதாக நிறுத்துங்கள். சாவியை உருவி, இறங்குபவர் கழுத்திலேயே கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். அவர் மேலே ஏறி வந்து கொடுக்கும்வரை யாரும் ஸ்டார்ட் செய்ய முடியாது. சாவி இல்லாமல் பட்டனில் ஓடும் படகு என்றால் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுங்கள். ஃபைபர் படகில் கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் எஞ்சின்களில் ஸ்டாப் சுவிட்சில் ஒரு சுருள் கயிறு வரும். பல படகுகளில் அது சுவிட்சிலேயே நிரந்தரமாக மாட்டிக் கிடக்கிறது. ஓட்டுபவர் கையில் கட்டியிருந்தால், அவர் தவறி விழுந்த நொடியே எஞ்சின் நின்றுவிடும்.

தடைக்காலத்தில் மீன்வளத்துறையினர் படகுகளை ஆய்வு செய்ய வருகிறார்கள். நீளத்தையும் எஞ்சின் திறனையும் பார்க்கும்போது, எஞ்சின் ரூமையும் ஒருமுறை எட்டிப் பார்க்கட்டும். பேட்டரி மூடி போட்ட பெட்டியில், தரையில் தேங்கும் உப்புத்தண்ணீர் எட்டாத உயரத்தில் இருக்கிறதா, காற்றுப்போக வழி இருக்கிறதா என்று கேட்கட்டும். கடல்நீர் பேட்டரிக்குள் போனால் குளோரின் வாயு வரும் என்பது எங்கள் ஆட்களில் பலருக்கும் தெரியாது. ஆய்வுக்கு வரும் அதிகாரி சொன்னால் கேட்பார்கள்.

இப்படிக்கு,
எஞ்சின் மெக்கானிக் ஒருவர்,
நாகப்பட்டினம்.