தூணின் கதவைத் திறந்து உள்ளே பாருங்கள்

மேம்பாலப் பராமரிப்புக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு வணக்கம்.

திருவொற்றியூரிலிருந்து எழுதுகிறேன். கண்டெய்னர் லாரி ஒன்று எங்கள் பகுதி மேம்பாலத் தூணில் மோதியதும், மறுநாளே தங்கள் ஆட்கள் வந்து பூசிவிட்டுப் போனதும் தாங்கள் அறிந்ததே. அன்றிரவு நடந்த இன்னொன்று தங்கள் காதுக்கு வந்ததா? லாரி இடித்த அதிர்வில் தூணின் அடியிலிருந்த சிமென்ட் அடைப்பு பெயர்ந்து, உள்ளிருந்து தண்ணீர் கொட்டியது. மழை பெய்து பல வாரங்கள் ஆகியிருந்தன. செம்பழுப்பு நிறத்தில், துருவாடையோடு சர்வீஸ் சாலையில் ஓடிய அந்தத் தண்ணீர் வெகுநேரம் நிற்கவில்லை.

அந்த அடைப்புக்குப் பின்னால் இருந்தது வடிகால் துளை. தூணுக்கு வண்ணம் அடித்து ஓவியம் வரைந்த காலத்தில் யாரோ அதை அடைத்திருக்க வேண்டும். பூச வந்தவர்களும் அதையே மறுபடி அடைத்தார்கள். தண்ணீர் போகும் வழி, விட்டுவிடுங்கள் என்று சொல்லிப் பார்த்தோம். "எங்களுக்குச் சொன்ன வேலை இதுதான் ஐயா" என்றார் கொத்தனார். அவர்மேல் வருத்தமில்லை. அவரை அனுப்பியவர்கள்மேல் உண்டு.

பாலக் கட்டுமானத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்தத் தூணைப் போல நடுவில் வெற்றிடமுள்ள, உள்ளீடற்ற தூண் என்றாலே பயப்படும் ஆள் அல்ல. தூணை வளைக்கப் பார்க்கும் விசையைத் தாங்குவது பெரும்பாலும் வெளிப்புறத்துக் கான்கிரீட்டும் கம்பியும்தான். நடுவில் நிரப்பினால் அடித்தளத்துக்குச் சுமைதான் கூடும். கொங்கண் ரயில் பாதையில் சுமார் 64 மீட்டர் உயரமுள்ள பன்வல் ஆற்றுப் பாலத்தின் தூண்கள் உள்ளீடற்றவையே. ஆனால் அப்படிப்பட்ட தூணுக்குச் சுவர்தான் உயிர். அது 300 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது, சாலைகளுக்கும் பாலங்களுக்கும் விதி வகுக்கும் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் அமைப்பின் விதிநூல். எண்ணூர்க் கடற்காற்றின் உப்பு வெளியிலிருந்தும், தேங்கிய தண்ணீர் உள்ளிருந்தும் அரித்தால் அந்தச் சுவர் என்ன ஆகும்? துருப்பிடித்த கம்பி பருத்து, மேலிருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். சுவர் மெலிந்த இடத்தில் அதே பாரம் அதிக அழுத்தமாக இறங்கும். தூண் உயரமாக இருந்து சற்றே சாய்ந்தாலும், மேல்பாரம் நடுவை விட்டு விலகி வளைவை இன்னும் கூட்டும். இத்தனையும் வெளிப்பூச்சில் தெரியாது.

ஆகவே கதவைத் திறந்து உள்ளே பாருங்கள். தூணில் ஆய்வுக்கென்றே ஓர் இரும்புக் கதவு இருக்கிறது. அதன் பூட்டு துருவேறி ஒட்டிக்கொண்டுவிட்டது. அதன்மேல் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகள் அடுக்கடுக்காக ஒட்டியிருக்கின்றன. அந்தத் தூணின் நிழலில்தான் பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள்.

வடசென்னை என்றால் எதையும் பூசி மறைத்துவிடலாம் என்ற நினைப்பு எப்படி வந்தது? அனல்மின் நிலையச் சாம்பலும் மணலியின் புகையும் எங்களுக்கு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்தபோது, வலையையும் படகையும் இழந்து நின்றவர்கள் எங்கள் மீனவர்கள். ஊருக்கெல்லாம் சரக்கு ஏற்றிப் போகும் லாரிகள் எங்கள் வாசலில்தான் வரிசைகட்டி நிற்கின்றன. இத்தனையையும் தாங்குகிறவர்களுக்கு ஒரு தூணைச் சோதித்துக் காட்டக் கூடாதா?

கோபத்தில் விலகிப் போய்விட்டேன், பொறுத்தருளுங்கள். கேட்பது இதுதான். கதவைத் திறந்து, தண்ணீரை வடித்து, உட்சுவரைத் தட்டிப் பார்த்து, கம்பியின் துருவையும் கான்கிரீட்டில் ஏறிய உப்பையும் அளந்து, முடிவை எங்களுக்கு எழுத்தில் தாருங்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் இது நடக்க வேண்டும். கூலியாள் ஒருவரை இடுப்பில் கயிறு கட்டி உள்ளே இறக்கிவிட வேண்டாம் என்றும் மன்றாடிக் கேட்கிறேன். அடைபட்ட இடத்தில் இரும்பு துருப்பிடிக்கும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். காற்றைச் சோதித்த பிறகே மனிதர் நுழைய வேண்டும்.

அதற்கெல்லாம் ஆணையும் நிதியும் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். வடிகால் துளையை அடைத்திருக்கும் சிமென்ட்டை உடைத்தெடுக்க ஓர் உளியும் சுத்தியலும் போதும். அதை இன்றே செய்யச் சொல்லுங்கள்.

பணிவுடன்,
திருவொற்றியூர்வாசி ஒருவர்