ஆலம்பரைக் கோட்டைக்கு வருகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடப்பாக்கத்தில் திரும்பி, ஆலம்பரைக் கோட்டையைப் பார்க்க வருகிற அன்பர்களுக்கு,

வணக்கம். வண்டியைவிட்டு இறங்கியதும் உங்களில் பலர் சொல்கிற முதல் வார்த்தை எனக்கு மனப்பாடம். "இவ்வளவுதானா?"

ஆமாம், இவ்வளவுதான். செஞ்சியின் மலையும் இல்லை, வேலூரின் அகழியும் இல்லை. இடிந்த செங்கல் மதில், அரைகுறையாக நிற்கும் கொத்தளங்கள், அப்பால் உப்பங்கழி, அதற்கும் அப்பால் கடல். ஆனால் ஒன்று: இது கவனிப்பாரற்றுத் தானாக விழுந்த கோட்டை அல்ல, அடித்து வீழ்த்தப்பட்டது. நவாபுகள் காலத்தில் எழுந்து, 1750இல் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸ் மூலம் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. உப்பும் நெய்யும் சரிகைத் துணியும் இந்தத் துறையிலிருந்துதான் கப்பலேறின. காசு அடிக்கும் அக்கசாலைகூட இருந்தது. 1760இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள், இடித்தார்கள். மறு ஆண்டு ஜனவரியில் புதுச்சேரி விழுந்தபோது அங்கிருந்த கோட்டைக்கும் இதே கதிதான். 2004இல் சுனாமியும் தன் பங்குக்கு வந்து போனது. இத்தனைக்கும் பிறகு மிஞ்சியதைத்தான் பார்க்க வருகிறீர்கள்.

மிஞ்சியதன் மேல் ஏறாதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

மதில் அகலமாக இருக்கிறதே, தாங்காதா என்பீர்கள். தாங்குகிற மாதிரி தெரியும், அவ்வளவே. செங்கல்லைப் பிடித்து வைத்திருப்பது சுண்ணாம்புச் சாந்து. கடற்காற்றும் ஈரமும் கொண்டுவரும் உப்பு செங்கல்லின் நுண்துளைகளுக்குள் போய், வெயிலில் காய்ந்து படிகமாகிறது. படிகம் பெருக்கும்போது உள்ளிருந்தே கல்லை நெம்புகிறது. ஈரம், வெயில், மறுபடி ஈரம். இப்படியே மேல்தோல் உதிர்ந்து, சாந்து மாவாகி, கல் வெறுமனே கல்மேல் உட்கார்ந்திருக்கிறது. அங்கே ஒரு கால் வைத்தால் நாலு கல் சரியும். பொறியியல் படித்தவர்களே ஏறி நின்று தற்படம் எடுப்பதைப் பார்த்திருக்கிறேன், அதுதான் வயிற்றெரிச்சல்.

ஆணியால் பேரைக் கீறுகிறவர்களுக்கும் இதே பதில்தான். நீங்கள் கீறுவது எஞ்சியிருக்கும் பூச்சை. அது போனால் உப்புக்கு வாசல் திறந்த மாதிரி.

கல்யாணப் படம் எடுக்க வருகிறவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. மாலை வெயிலில் அந்தச் செங்கல் நிறம் யாரையும் அழகாக்கிவிடும். மதிலுக்கு முன்னால் நில்லுங்கள், மேலே வேண்டாம்.

வழியில் 'இடைக்கழிநாடு' என்ற பெயர்ப்பலகையைக் கடந்து வந்திருப்பீர்கள். சங்க நூலான சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நத்தத்தனாருக்கு 'இடைக்கழி நாட்டு நல்லூர்' என்பதுதான் அடைமொழி. கோட்டையைவிட எத்தனையோ நூற்றாண்டு மூத்த பெயர் இன்றும் பேரூராட்சிப் பலகையில் நிற்கிறது. சுற்றிலும் உள்ள நீரைப் பார்த்தால் அந்தப் பெயருக்கு உரை தேட வேண்டியதில்லை.

உயரத்திலிருந்து பார்த்தே ஆக வேண்டும் என்று கால் பரபரத்தால், ஏறுவதற்குப் பதில் கழியோரம் இருக்கும் படகுக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பாருங்கள். இந்தக் கோட்டைக்கு முகம் அந்தப் பக்கம்தான். கப்பலில் வந்தவன் முதலில் பார்த்ததும் அதைத்தான். நீங்கள் வண்டி நிறுத்துவது அதன் முதுகுப் பக்கம்.

இப்படிக்கு,
அடிக்கடி அங்கே வந்து போகிற ஒருவன்