சாரம் ஊர் திரும்பியது

கல்லிடைக்குறிச்சி,
ஜூன் 28

பிரியமுள்ள மாப்ளே,

உன் கடிதம் நான் வருவதற்கு முன்னாலேயே வந்து, டிவிக்கு அடியில் கரண்ட் பில்லோடு கிடந்தது. 'ஊர் சுத்தல் முடிஞ்சுதா, எப்படிலே இருக்கு?' என்று ஒரே ஒரு வரி எனக்கு. மீதி மூன்று பக்கமும் உன் ஆபீஸ் சண்டை. சண்டையை நேரில் பேசிக்கொள்வோம்.

முடிந்தது, சரி. ஆனால் எங்கே முடிந்தது என்று கேட்டால் திருச்சி ஏர்போர்ட் என்று சொல்ல மாட்டேன். அதற்கு நாலு நாள் முன்னாலேயே பினாங்கில், ஒரு டீக்கடை பெஞ்சில் முடிந்துவிட்டது.

கிளம்புகிற அன்று பையில் சாரத்தை, அதான் மற்ற ஊர்க்காரர்கள் லுங்கி என்கிறதை, மடித்து வைப்பதை வீடியோ காலில் பார்த்துவிட்டு, "அங்க எவம்லே சாரம் கட்டுவான்" என்று சிரித்தாயே, ஞாபகம் இருக்கிறதா? ஐந்து மாதத்தில் அந்தப் பையிலிருந்த சாமான்களில் ஒழுங்காக உழைத்தது அது ஒன்றுதான். தலையில் மாட்டுகிற டார்ச்சும், தண்ணீர் வடிகட்டுகிற பாட்டிலும் காசைக் கொட்டி வாங்கினேன். டார்ச்சை இரண்டு தடவை எரித்திருப்பேன். சாரமோ துண்டு, போர்வை, தலைக்கு மடிப்பு எல்லாம் ஆனது. பத்துப் பேர் படுக்கும் அறையில் கீழ்க்கட்டில் கிடைத்தால் மேல்கட்டில் கம்பியில் செருகி விடுவேன், திரை தயார். உள்ளே நம்ம வீட்டுச் சோப்பு வாசம் கொஞ்ச நாள் இருந்தது. வியட்நாம் தாண்டுவதற்குள் அதுவும் போய்விட்டது.

பாதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜனவரி கடைசியில் பாங்காக், அங்கிருந்து கம்போடியா, வியட்நாம், லாவோஸ், மறுபடி தாய்லாந்து, அப்புறம் மலேசியா. சைகோனிலிருந்து ஹனோய் வரை ரயில் பாதை 1,726 கிலோமீட்டர், அதை ஆறு துண்டாக வெட்டிப் போனேன். வியட்நாமில் ஏடிஎம்மில் பத்து லட்சம் டாங் எடுத்துக்கொண்டு பெரிய மனுஷன் மாதிரி வெளியே வருவேன். நம்ம காசுக்கு அது மூவாயிரத்துச் சொச்சம்தான். ஓர் ஊரில் டிக்கெட் விற்றவன் ஸ்லீப்பர் என்று சொல்லிக் காசு வாங்கிவிட்டு, பஸ் வந்ததும் நடைபாதையைக் காட்டினான். பதினோரு மணி நேரம் அதே சாரத்தை விரித்து, இரண்டு மூட்டைக் கோஸுக்கு நடுவே கிடந்தேன். சவம், இப்போது சிரிப்பாக இருக்கிறது. அன்றைக்கு இல்லை.

சித்திரை ஒன்றாம் தேதி லாவோஸில், லுவாங் பிரபாங்கில் இருந்தேன். அவர்களுக்கும் வருஷப் பிறப்பு அதே நாட்களில்தான். கோயிலில் நீளமான மரத் தூம்பு ஒன்று வைத்திருக்கிறார்கள். நாம் இந்த முனையில் பூப்போட்ட தண்ணீரை ஊற்றினால், அது ஓடிப்போய் அந்த முனையில் புத்தர் மேல் விழும். தெருவில் அந்த மரியாதையெல்லாம் கிடையாது, வாளி வாளியாக நம் மேலேயே கவிழ்க்கிறார்கள். நான் சொட்டச் சொட்ட நிற்கும்போது அம்மாவின் போன். "கனி பாத்தியா? பாபநாசத்துல விசுவுக்கு ஒரே கூட்டம், நாங்க போயிட்டு வந்துட்டோம்." பார்த்தேன் என்று பொய் சொன்னேன்.

அங்கிருந்து மெக்கோங் ஆற்றில் எதிர்நீரோட்டமாக ஹுவாய்சாய்க்குப் படகு. இரண்டு நாள், நடுவில் பாக்பெங் என்ற ஊரில் ராத்தங்கல். நீளமான மரப் படகு, பழைய வேனில் கழற்றிய சீட்டுகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். முதல் நாள் மலையும் காடும் பார்த்து வாய் பிளந்தேன். இரண்டாம் நாளும் அதே மலை, அதே காடு. நான் தூங்கிக்கொண்டு வந்தேன். போதும் என்ற நினைப்பு முதலில் தட்டியது அங்கேதான் என்று நினைக்கிறேன். அதற்கப்புறம் தாய்லாந்தில், கூட வந்தவர்கள் கோயிலுக்குள் போனால் நான் வாசலில் செருப்புக்குக் காவலாக உட்கார ஆரம்பித்தேன்.

இனி பினாங்கு. ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடுகளுக்கு முன்னால் மேலே கூரை போட்ட திண்ணை மாதிரி ஒரு நடைவழி இருக்கும், ஐந்தடி வழி என்பார்கள். காலையில் மழை. பேண்ட் எல்லாம் துவைத்துப் போட்டாயிற்று, வேறு வழியில்லாமல் சாரத்தோடேயே அந்த வழியாக நடந்து டீக்கடைக்குப் போனேன். டீயைத் தூக்கி ஆற்றி நுரை பொங்கக் கொடுக்கிறார்கள், தே தாரிக் என்று அதற்குப் பெயர். பக்கத்தில் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர். என் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தம்பி, சாரம் எங்க எடுத்தது?" என்றார்.

கைலி என்று கேட்கவில்லை மாப்ளே, லுங்கி என்றும் கேட்கவில்லை. ஐந்து மாதமாக யார் கேட்டாலும் இந்தியா, தென்னிந்தியா என்று சொல்லிச் சொல்லி வாய் பழகியிருந்தது. அவரிடம் "அம்பாசமுத்திரம்" என்றேன். அவர் தாத்தா கடையநல்லூராம். அந்தப் பக்கத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் ஏராளம் என்று நமக்குத் தெரியும், ஆனால் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசும்போது வேறு மாதிரி இருக்கிறது. மலாய்க்காரர்கள் இந்தக் கட்டம் போட்ட துணியை கைன் பெலிக்காட் என்பார்களாம். பெலிக்காட் என்றால் நம்ம பழவேற்காடு. அங்கிருந்து கப்பலில் வந்த துணி, ஊர்ப் பெயரே துணிக்கு ஒட்டிக்கொண்டது.

அவர் ஊருக்கு வந்தது ஒரே தடவை, பன்னிரண்டு வயதில். தெருவெல்லாம் மறந்துவிட்டது என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "குத்தாலத்துல இப்பம் தண்ணி விழுதா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. பாக்பெங்கில் அறை வாடகை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஆனி மாதம் குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா என்று கேட்டதற்கு முழித்தேன். சாயங்காலமே டிக்கெட் போட்டுவிட்டேன்.

ஊரில் எல்லாம் அப்படியே இருக்கிறது. அம்மா நான் மெலிந்துவிட்டேன் என்று சொல்லி முதல் நாளே சொதி வைத்தாள். ராத்திரி இரண்டு மணிக்கு விழித்து, பை எங்கே என்று கால்மாட்டில் தடவுகிறேன், இன்னும் நிற்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை செங்கோட்டை வண்டியில் ஏறித் தென்காசியில் இறங்கி அருவிக்குப் போனேன். நல்ல சாரல். மெயின் அருவியில் தண்ணீர் அதிகம் என்று போலீஸ் விசில் ஊதிக்கொண்டே இருந்தார்கள், யாரையும் விடவில்லை. குளிக்காமல் நின்று ஒரு நிமிஷம் சத்தத்தை மட்டும் போனில் பிடித்துப் பெரியவருக்கு அனுப்பினேன். இரவு பதில் வந்தது: "போலீசு விசில் நல்லா கேக்குது தம்பி. ஐந்தருவிக்குப் போகலையா?"

ஆடியில் நாலு நாள் லீவு போடப் பார். இரண்டு பேரும் ஐந்தருவிக்குப் போவோம். வரும்போது சாரம் நீயே கொண்டு வா. என்னுடையதை அம்மா இரண்டாகக் கிழித்துக் கரித்துணி ஆக்கிவிட்டாள்.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்