என் படத்தை எடுத்துவிடு

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். நான்கு முறை கூப்பிட்டு, சாம்பார்ப் பொடி வந்து சேர்ந்ததா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் கடிதம்.

சென்ற மாதம் பெங்களூரில் உன் ஆராய்ச்சிக்காக என் மூளையைப் படம் எடுத்தீர்களே, அதை உன் கணக்கிலிருந்து நீக்கிவிடு.

மனச்சிதைவு நோயாளிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாத வயதானவர்கள் கிடைப்பதில்லை என்று நீ புலம்பியதால்தான் வந்தேன். உன்னோடு வேலை செய்யும் பெண் படிவத்தைப் படித்துக்கொண்டே வந்தாள். பேஸ்மேக்கர் உண்டா? இல்லை. உடம்பில் உலோகத் தகடு? இல்லை. ரத்த உறவில் யாருக்காவது மனநோய் இருந்ததா? அப்போது நான் குனிந்து மெட்டியைத் திருகிக் கழற்றிக்கொண்டிருந்தேன். அதே மூச்சில் "இல்லை" என்று சொல்லிவிட்டேன்.

பொய்.

என் அண்ணன், உன் லால்குடி மாமா, 1994இல் காய்ச்சலில் போய்விட்டார் என்று சொல்லித்தான் உன்னை வளர்த்தோம். நிமோனியாதான், அதில் பொய் இல்லை. அதற்கு முந்தைய பதினைந்து வருடங்களைச் சொல்லாமல் விட்டோம்.

1979இல் கல்லூரி விடுமுறைக்கு வந்த அண்ணன், ரேடியோவைப் பிரித்துத் தரையில் பரப்பினார். மாநிலச் செய்தி வாசிப்பவர் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார் என்றார். மனநோய் தீரும் என்று நம்பி, தாத்தா அவரைக் குணசீலம் கோயிலுக்கு அழைத்துப் போனார். நாற்பத்தெட்டு நாள் தங்கினோம். அர்ச்சகர் முகத்தில் தீர்த்தத்தை அடிக்கும்போது அண்ணன் கண்ணை மூட மாட்டார். பக்கத்தில் நிற்கும் நான் மூடிக்கொள்வேன். அதன் பிறகு திருச்சியில் ஒரு டாக்டர் குளோர்புரோமசின் என்ற மனநோய் மருந்தை எழுதிக் கொடுத்தார். அவர் காதில் கேட்ட குரல்கள் அடங்கின. கை நடுங்க ஆரம்பித்தது, வெயில் பட்ட இடமெல்லாம் கருத்தது. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று அவரைப் பின்கட்டில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினோம். கேசரியை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். "யார் வந்திருக்கிறார்கள்?" என்று கேட்டார். "யாரும் இல்லை" என்றேன். படிவத்துக்குச் சொன்ன "இல்லை" அன்றே பழகியது.

படம் எடுத்த அன்று இரவு தோசை வார்த்துக்கொண்டே நீ சொன்னாய். 1976இல் லண்டனில் ஈவ் ஜான்ஸ்டோனும் டிம் குரோவும் மனச்சிதைவு நோயாளிகளுக்கு சி.டி. ஸ்கேன் எடுத்து, மூளையின் உள்ளறைகள் மற்றவர்களுக்கு இருப்பதைவிடப் பெரிதாக இருப்பதைக் கண்டார்களாம். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதற்கு மூன்று வருடம் கழித்தும் எங்கள் வீட்டில், செய்வினையா, பாட்டி கொடுத்த செல்லமா என்று பழியை யார் தலையில் போடுவது என்றுதான் பேசிக்கொண்டிருந்தோம். பாட்டி சாகும்வரை அது தன்னால் வந்தது என்றே நம்பினாள்.

நீ உடனே, "அம்மா, அதெல்லாம் சராசரி. ஒரு படத்தைப் பார்த்து இவருக்கு நோய், இவருக்கு இல்லை என்று இன்றைக்கும் சொல்ல முடியாது" என்றாய். முப்பது வருடம் கணக்கு நடத்தியவளுக்கு இது புரியாதா? வகுப்புச் சராசரியை வைத்துக் கடைசி பெஞ்சுப் பையனின் மதிப்பெண்ணைச் சொல்ல முடியாது. செத்த சால்மன் மீனை ஸ்கேனருக்குள் வைத்து, மனிதர்களின் புகைப்படங்களைக் காட்டி, இவர்கள் என்ன உணர்கிறார்கள் என்று கேட்டவர்களின் கதையையும் சொன்னாய். படத்தில் இருக்கும் ஆயிரக்கணக்கான புள்ளிகளை ஒரே நேரத்தில் சோதித்துவிட்டு அதற்கான திருத்தத்தைச் செய்யாமல் விட்டால், தற்செயலாகவே சில புள்ளிகள் ஒளிரும். செத்த மீன்கூடச் சிந்திக்கும். விழுந்து விழுந்து சிரித்தேன். படுத்த பிறகு தூக்கம் வரவில்லை. சராசரியை மட்டுமே நம்பி வேலை செய்யும் பெண்ணிடம் தப்பான மதிப்பெண்ணை எழுதிக் கொடுத்திருக்கிறேனே. உடன்பிறந்தவர்களுக்கு அந்த நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்றும், நோயே வராத உடன்பிறப்புகளிடமும் சராசரியாகச் சிறு வேறுபாடுகள் தென்படும் என்றும் நீதானே சொன்னாய்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தக் குழாய்க்குள் மாவு மில் போல இரைச்சல். எதையும் குறிப்பாக நினைக்காமல் திரையில் இருக்கும் கூட்டல் குறியையே பாருங்கள் என்றார்கள். நான் அவ்வளவு நேரமும் அண்ணனைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடவில்லை. ரத்தத்தின் ஆக்சிஜனை வைத்து மூளையின் வேலையை அளக்கிறீர்களாமே, அதில் எங்கேயாவது அவர் இருப்பார்.

எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று கையெழுத்துப் போட்ட தாளில் இருந்தது. இதையே என் விலகல் கடிதமாக வைத்துக்கொள். அந்தப் பெண்ணிடம் காரணத்தை மறைக்காமல் சொல். அப்பாவுக்கு எல்லாம் தெரியும். அவரிடம் கேட்டுச் சண்டை போடாதே, என்னிடம் போடு.

நோயாளிகளின் உடன்பிறந்தவர்கள் என்று தனியாக ஒரு குழு வைத்திருக்கிறீர்களா? இருந்தால் தேதியைச் சொல். மெட்டியை இங்கேயே கழற்றி வைத்துவிட்டு வருகிறேன்.

அன்புடன்,
அம்மா