மாலைக்கு இருக்குற மரியாதை சட்டத்துக்கு இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரக் கட்டுரைல, "வீட்டில் பக்தி குறைந்ததே பள்ளி மாணவர்கள் புகைப்பதற்குக் காரணம்"னு ஒரு வரி போட்டிருந்தீங்க. படிச்சதுலேர்ந்து மனசே ஆறல. எங்க வீட்ல பக்திக்கு என்ன சார் குறைச்சல்? என் பையன் ப்ளஸ் ஒன் படிக்கிறான், கார்த்திகை ஒண்ணாந் தேதி மாலை போட்டு, விடியக்காலைல பச்சத்தண்ணில குளிச்சு, விரதம் தப்பாம மலைக்குப் போயிட்டு வந்தான், அத்தன நாளும் சிகரெட்டத் தொடல. மாலையக் கழட்டுன கொஞ்ச நாள்லயே சட்டைல பழைய நாத்தம்.

கேட்டா அழுதுட்டான். விரதத்துல ஒருநாள் தாங்க முடியாம ஸ்கூல் முக்குப் பெட்டிக்கடைல போய் நின்னுருக்கான், கடைக்காரர் "மாலையப் போட்டுக்கிட்டு இதக் கேக்கலாமா, போங்க சாமி"ன்னு அனுப்பிட்டாராம். மாலை இறங்குனதும் அதே ஆளு கேக்காமலே ஒத்த சிகரெட்ட எடுத்து நீட்டிருக்காரு. மாலையப் பாத்து வந்த பயம், மீசை முளைக்காத மூஞ்சியப் பாத்து வரல.

18 வயசுக்குக் கீழ விக்கக் கூடாது, ஸ்கூல்லேர்ந்து 100 கெஜத்துக்குள்ள விக்கவே கூடாதுன்னு 2003லயே சட்டம் வந்தாச்சு. பிள்ளைங்களுக்குப் புகையிலை குடுத்தா 7 வருஷம் வரைக்கும் ஜெயில்னு 2015 சிறார் நீதிச் சட்டம் சொல்லுது. உங்களுக்குத் தெரியாததா? கட்டுரைல அதப்பத்தி ஒரு வரி இல்லையே.

ஸ்கூல்ல போய்ச் சொன்னா "வீட்ல சாமி கும்பிட வைங்கம்மா"ங்குறாங்க, ஸ்டேஷன்ல "உங்க பையன நீங்க கண்டிங்க"ங்குறாங்க. குலதெய்வம் கோயிலுக்குப் போனா கருப்பசாமிக்குப் படைக்கிற சுருட்ட பசங்க கைல குடுத்துப் பத்தவைக்கச் சொல்லி பெரியவங்க சிரிக்கிறாங்க. படையல நான் குறை சொல்லல, அது எங்க வழக்கம், ஆனா பிள்ளைங்க கைக்கு அது எதுக்கு? கடைசில பழி மட்டும் பெத்தவ வளர்ப்பு மேல. இப்ப நீங்களும் அதத்தான் எழுதிருக்கீங்க.

மாலை போட்டிருந்தப்ப குருசாமி சாயங்காலமான பஜனைக்குக் கூப்பிட்டாரு, தெருவே சாமின்னு கூப்பிட்டுச்சு, கடைக்காரர் கூட தடுத்தாரு. அப்பிடி எல்லாரும் கூட நின்னதாலதான் அவனால விட முடிஞ்சுது. தைக்கு அப்புறம் யாரும் அவனக் கூப்பிடல.

பெருசா ஒண்ணும் கேக்கல சார். புகையிலைய விடுறதுக்கு அரசாங்கம் நடத்துற இலவச நம்பர் 1800-11-2356. அத வாராவாரம் ராசிபலனுக்குக் கீழ கட்டம் கட்டிப் போடுங்க, அந்தப் பக்கத்த எல்லா வீட்லயும் பாப்பாங்க.

இப்படிக்கு,
ஒரு அம்மா, திண்டுக்கல் மாவட்டம்