மூச்சு வாங்கும் நம்மவர்களுக்காக: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

சென்ற வாடைக்காலத்தில் ஓர் இரவு மின்சாரம் போனது. ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில், மண்டபம் ஊரில் ஒரு வீட்டில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கருவி) கீச்சென்று கத்திவிட்டு நின்றது. அந்த அம்மா கணவரைத் திண்ணையில் காற்று வரும் பக்கமாக உட்காரவைத்து, முதுகைத் தடவியபடி விடியும்வரை விழித்திருந்தார். ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் வந்த புற்றுநோய்க்கு மதுரையில் சிகிச்சை முடிந்து திரும்பியவர் அந்தக் கணவர். 'பிழைத்துக்கொண்டார்' என்கிறது ஊர். கடற்கரைவரை நடக்க மூன்று இடத்தில் உட்காருகிறார்.

மீன்பிடிக்கும் ஊரில் ஆஸ்பெஸ்டாஸ் புற்றுநோய் எங்கிருந்து வந்தது என்று சிலர் கேட்கிறார்கள். வலை வெறுமையாக வந்த ஆண்டுகளில் நம்மவர்கள் போகாத வேலை இல்லை. கப்பல் எஞ்சின் அறையில் குழாய்களைச் சுற்றியிருந்த பழைய ஆஸ்பெஸ்டாஸ் உறையைப் பிய்த்தார்கள், கப்பல் உடைக்கும் இடங்களில் நின்றார்கள், ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஷீட் அறுத்தார்கள். மூக்கில் கட்டிய துண்டுதான் பாதுகாப்பு. அந்தத் தூசி நோயாகத் தலைகாட்ட 20 முதல் 40 ஆண்டுகள்கூட ஆகும். வேலைச் சட்டையை உதறித் துவைத்த மனைவிக்கும் வரலாம். (உங்கள் வீட்டுக் கூரை ஷீட்டை நினைத்து இன்றே பதற வேண்டாம், அறுக்காமல், துளையிடாமல், உடைக்காமல் இருங்கள்.)

ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது வேலையை விட்ட பின் 15 ஆண்டுகள், இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்நோய்க்கு நஷ்டஈடு கேட்கவும் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் ஒப்பந்தக்காரரிடம் கூலி வாங்கியவரிடம் என்ன பதிவேடு இருக்கும்? மேஸ்திரியின் பெயர்தான் இருக்கிறது, அதுவும் பாதிப் பெயர்.

அறுவைச் சிகிச்சைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கிறது. அதற்குப் பிறகுதான் நீண்ட பாடு. ஸ்கேன் எடுக்க வேண்டும். நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டால் எடுத்துவிட வேண்டும். வலி மாத்திரை தீரக் கூடாது. மதுரைக்குச் சுமார் 150 கிலோமீட்டர் பஸ்ஸில் உட்கார்ந்து போக இவர்களால் முடியாது, கார் வாடகையோ வீட்டைத் தின்கிறது.

வீட்டுக்கு வீடு சுழற்சியில் கொடுக்க இரண்டு கான்சன்ட்ரேட்டர்கள், அவற்றுக்கு இன்வெர்ட்டர், மதுரைப் பயணச் செலவு, வேலை செய்த ஆதாரங்களைத் தேடி எடுக்க அலையும் செலவு: இவ்வளவுதான் கேட்கிறோம். கருவி ஒன்று ஐம்பதாயிரம் ரூபாய் அளவில் ஆகும். உங்கள் வீட்டுப் பெரியவர் தவறிய பின் கட்டிலுக்கடியில் தூங்கும் கருவி இருந்தால் அதையே கொடுங்கள், பழுது பார்த்துக்கொள்கிறோம். வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகள் வீட்டார் வழியாகக் கொடுத்தனுப்பலாம்.

உதவி பெறுபவர் பெயரை வெளியிட மாட்டோம். வரவு செலவு மாதந்தோறும் கமிட்டி வாசலில் ஒட்டப்படும். கேட்பவர் கமிட்டி உறுப்பினரே ஆனாலும், ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
கமிட்டியினர்