சைலேஜ் மக்காச்சோளம்: பட்டமும் அறுவடைப் பதமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உசிலம்பட்டி, சேடபட்டி, டி.கல்லுப்பட்டி வட்டாரங்களில் மக்காச்சோளம் விதைப்பவர்களில் சிலர், கதிரை முற்றவிட்டு மணியாக விற்காமல், பயிரைப் பச்சையாகவே சைலேஜ் எனப்படும் ஊறுகாய்ப்புல்லுக்கு, அதாவது நறுக்கிக் குழியிலோ மூட்டையிலோ காற்றுப் புகாமல் அடைத்துப் புளிக்கவைக்கும் தீவனத்துக்கு, வெட்டிக் கொடுக்கிறார்கள். கறவை மாடு வளர்ப்பவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் எப்போது விதைப்பது, எப்போது வெட்டுவது என்பதில் போதிய கவனம் இல்லை.

சென்ற கோடையில் ஒரு வியாபாரியிடம் வாங்கிய மூட்டைகளைப் பிரித்தபோது அடியில் கறுப்பு நீர் தேங்கி, புளிப்பு மணம் வர வேண்டிய இடத்தில் அழுகல் நாற்றம் வீசியது; மாடுகள் முகர்ந்துவிட்டு ஒதுங்கிக்கொண்டன. மணி பிடிப்பதற்குள், 60 நாளில் வெட்டிய பயிர் அது. டன் கணக்கில் விலை பேசுவதால்தான் நீர் நிறைந்த இளம்பயிரை வெட்டும் ஆசை வருகிறது. உலர்பொருள், அதாவது நீர் நீங்கலாக எஞ்சும் பகுதி, 25 விழுக்காடு உள்ள ஒரு டன்னில் கிடைப்பது 250 கிலோ தீவனம். 33 விழுக்காடு இருந்தால் 330 கிலோ. அந்த 80 கிலோவுக்கு நாங்கள் தண்ணீரைத்தான் விலை கொடுத்து வாங்குகிறோம். நன்கு விளைந்த பயிரின் உலர்பொருளில் ஏறத்தாழப் பாதி கதிரில் இருப்பதால், இளசாக வெட்டும்போது சத்தும் போய்விடுகிறது.

பதம் பார்க்கக் கருவி எதுவும் தேவையில்லை. கதிரைக் குறுக்கே ஒடித்துப் பார்த்தால், மணியின் மேற்பகுதி கெட்டியாகவும் அடிப்பகுதி பாலாகவும், இடையே ஒரு கோடும் தெரியும். அந்தக் கோடு மணியின் பாதியைத் தாண்டும்போது பயிரின் உலர்பொருள் பெரும்பாலும் 30 முதல் 35 விழுக்காடு வரை இருக்கும். அதற்கு மேல் காயவிட்டால் குழியில் எவ்வளவு மிதித்தாலும் காற்று வெளியேறாமல் சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். கெட்டிப்பட்ட மணிகள் சாணத்தில் அப்படியே வெளிவரும்.

இந்தப் பதம் நம் வெயிலில் ஏறத்தாழ ஒரு வாரமே நிற்கும் என்பதால், வெட்டும் நாளை முதலில் குறித்துக்கொண்டு அங்கிருந்து 80 முதல் 90 நாள் பின்னோக்கிக் கணக்கிட்டு விதைக்க வேண்டும். புரட்டாசித் தொடக்கத்தில் விதைத்தது மார்கழி பிறக்கும் வேளையில் பதத்துக்கு வரும். அப்போது மழை ஓயாத ஆண்டில் கரிசல் காட்டில் வெட்டும் இயந்திரம் இறங்காது. மானாவாரிக்காரர் மழையை விட்டுவிட்டு விதைப்பைத் தள்ளிப்போட முடியாது, அவர் நிலை வேறு. கிணறு உள்ளவர் தைப் பட்டத்தை நாடலாம். ஆனால் மாசிப் பிற்பகுதிக்குத் தள்ளினால் பூக்கும் பருவம் சித்திரை வெயிலில் சிக்கி, மகரந்தம் கருகி, கதிர் பொக்காகிவிடும்.

ஒரே ஊரில் அனைவரும் ஒரே வாரத்தில் விதைத்துவிட்டு ஒரே நறுக்கும் இயந்திரத்துக்குக் காத்திருப்பதால் பதம் தவறிப்போகிறது. பத்து நாள் இடைவெளி விட்டு விதைக்க வேளாண்மைத் துறை ஊர்தோறும் திட்டமிட்டுக் கொடுக்க வேண்டும். எடையோடு உலர்பொருளையும் கணக்கில் கொண்டு விலை பேசும் முறையைக் கால்நடை பராமரிப்புத் துறை அறிமுகப்படுத்த வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கறவை மாடு வளர்ப்போர் ஒருவர்,
உசிலம்பட்டி வட்டம், மதுரை மாவட்டம்.